எழுதாமல் விட்ட வகைகள்: ஜாவாக்காரர் பைதன் பக்கம் போகும்போது

யாழ்ப்பாணத்தில் உயர்தரத்துக்குத் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பம் எடுக்கிற பிள்ளை பைதன் தெரியாமல் பரீட்சை மண்டபத்துக்குள் போக முடியாது. பாடத்திட்டத்திலேயே அந்த மொழிதான் இருக்கிறது. சாதாரண தரப் புத்தகத்தில் பஸ்கால், அதற்கு மேலே பைதன் என்று ஏறிவந்த பிள்ளைக்கு, மாறி ஒன்றின் வகையை, அதாவது அதற்குள் இருப்பது எண்ணா எழுத்தா என்பதை, எழுதிக் காட்டாமலே அதைப் பயன்படுத்துவது ஒரு விஷயமே இல்லை. அதே வீட்டில் நெடுங்காலமாக ஜாவா எழுதிக்கொண்டிருக்கும் அண்ணருக்கு அது இருப்புக்கொள்ளாத காரியம். "உது என்ன ரைப் எண்டு பாக்கிற ஆளுக்கு எப்பிடித் தம்பி தெரியும்?" என்று கேட்பார். "ஓட்டிப் பாத்தால் தெரியும் அண்ணை" என்று பதில் வரும். அண்ணருக்கு அந்தப் பதில் போதாது. தம்பிக்கு அந்தக் கேள்வியே விளங்காது.

ஆனால் இப்போது பைதன், ரூபி, குளோஜர், எலிக்சர் என்று, வகையை எழுதத் தேவையில்லாத டைனமிக் மொழிகளை இரவில் தட்டிப் பார்ப்பவர்களில் அண்ணர்மார்தான் அதிகம். ஜாவாவிலோ சி ஷார்ப்பிலோ பத்து வருடத்துக்கு மேல் ஊறியவர்கள். வேலை போய்விட்டது என்பதற்காக அல்ல. கையில் நல்ல வேலை இருக்கும்போதே பார்க்கிறார்கள். ஏன், எதைத் தேடி, அங்கே எது கிடைக்கிறது, எது கைவிட்டுப் போகிறது என்று கொஞ்சம் விரித்துப் பார்க்கலாம்.

காரணங்களில் முதலாவது மிக இலகுவானது: இயந்திரக் கற்றல். 2006இல் நம்பை (NumPy) என்ற எண் கணக்கு நிரலகம் வந்தது. அதன்மேல் கணிதம், புள்ளிவிபரம், வரைபடம், கடைசியில் இயந்திரக் கற்றலுக்கான பைடோர்ச் வரை ஒரு முழு உலகமே பைதனில் எழும்பிவிட்டது. அந்த வேலை வேண்டுமென்றால் மொழியைத் தெரிவுசெய்யும் உரிமை உங்களிடம் இல்லை. இரண்டாவது காரணம் காசு. 2022இல் டொலர் 200 ரூபாய்ச் சொச்சத்திலிருந்து 360ஐத் தாண்டியபோது, வெளிநாட்டுக் காசில் வரும் வேலைக்கு யாழ்ப்பாணத்தில் என்ன மதிப்பு என்பது எல்லாருக்கும் ஒரே மாதத்தில் விளங்கியது. லண்டனிலும் ரொறன்ரோவிலும் இருக்கும் சிறு கம்பனிகள் பெரிய வங்கிகளைப்போல் ஜாவாவில் இருப்பதில்லை. ஜாங்கோ (பைதன்), ரெயில்ஸ் (ரூபி), லாராவெல் (பிஎச்பி), நோட் (ஜாவாஸ்கிரிப்ட்) என்று டைனமிக் மொழிக் கருவி ஏதோ ஒன்றில் இருக்கும். மச்சான்மார் வழியாக வரும் வேலை எந்த மொழியில் வருகிறதோ அதைச் செய்யத்தான் வேண்டும்.

மூன்றாவது காரணத்தை யாரும் வெளியே சொல்வதில்லை. சலிப்பு. ஒரு வரி யோசனைக்கு நாற்பது வரி எழுதிய சலிப்பு. இடைமுகம் ஒன்று, அதை நிறைவேற்றும் வகுப்பு (கிளாஸ்) ஒன்று, அதை உருவாக்கும் வகுப்பு இன்னொன்று, இவை எல்லாவற்றையும் ஒன்றோடொன்று கோக்கும் அமைப்புக் கோப்பு ஒன்று. இந்தச் சலிப்பைப் பற்றித்தான் கூடுதலாகப் பேச வேண்டும் என்பது என் எண்ணம். மற்ற இரண்டும் சந்தையின் கட்டாயங்கள். இது தொழிலுக்குள்ளேயே இருக்கும் கேள்வி.

முதலில் அடிப்படையைத் தெளிவாக்கிவிடுவோம். ஜாவாவில் வகை என்பது பெயருக்கு உரியது. விலை என்ற மாறி முழு எண் என்று ஒருதரம் எழுதிவிட்டால், அந்தப் பெயருக்குள் வேறெதுவும் நுழைய முடியாது. ஓட்டுவதற்கு முன்பே கோட்டை மொழிபெயர்த்துச் சரிபார்க்கும் கம்பைலர் வாசலிலேயே மறித்துவிடும். பைதனில் வகை மதிப்புக்கு உரியது. 250 என்பது முழு எண், அது எங்கே போனாலும் முழு எண்ணாகவே இருக்கும். ஆனால் விலை என்ற பெயர் இப்போது அந்த எண்ணைக் காட்டலாம், அடுத்த வரியில் ஒரு சொற்றொடரைக் காட்டலாம், அதற்கடுத்த வரியில் ஒரு பட்டியலைக் காட்டலாம். சரிபார்ப்பு நடக்கிறது, ஓடும்போது, அந்த வரியைத் தொடும்போதுதான் நடக்கிறது. டைனமிக் மொழி என்று சொல்வது இதைத்தான். வகையே இல்லாத மொழி என்று சிலர் சொல்வது பிழை.

இதோடு இன்னொரு குழப்பமும் சேர்ந்தே வரும். டைனமிக் என்றால் கட்டுப்பாடு தளர்ந்தது என்று பலர் நினைக்கிறார்கள். அவை இரண்டும் வேறு வேறு விஷயங்கள். சுன்னாகம் சந்தையில் சின்ன வெங்காயம் விற்கும் ஒருவருக்கு பில் போடும் சிறு செய்நிரல் எழுதுகிறோம் என்று வைப்போம். விலைப்பட்டியல் ஒரு சிஎஸ்வி கோப்பில், அதாவது காற்புள்ளியால் பிரித்த எழுத்துக் கோப்பில், இருக்கிறது. அப்படியான கோப்பிலிருந்து வாசித்தால் எல்லாம் எழுத்தாகத்தான் வரும். ஆகவே விலை என்பது மேற்கோள் குறிக்குள் இருக்கும் "250". அளவு என்பது எண், 3. பைதன் 3 தமிழ்ப் பெயர்களை மாறிகளாக ஏற்றுக்கொள்ளும் என்பதால் இதை அப்படியே எழுதலாம்:

விலை * அளவு

என்ன வரும்? பிழைச் செய்தி வரும் என்றுதான் ஜாவாக்காரர் எதிர்பார்ப்பார். வராது. "250250250" என்று வரும். எழுத்துத் தொடரை ஓர் எண்ணால் பெருக்கினால் அதை அத்தனை தரம் திருப்பி எழுது என்பது பைதனின் விதி. மூன்று கிலோ வெங்காயத்துக்கு இருபத்தைந்து கோடி ரூபாய் பில். அந்த விடையைக் கொண்டுபோய் மொத்தத்தோடு கூட்டும்போதுதான், எண்ணோடு எழுத்தைக் கூட்ட ஏலாது என்று பைதன் நின்றுவிடும். பிழை நடந்த வரி ஒன்று, பிழை தெரிந்த வரி வேறொன்று. இரண்டுக்கும் நடுவில் இருபது கோப்புகள்கூட இருக்கலாம்.

இதே வரியை ஜாவாஸ்கிரிப்டில் எழுதினால் 750 வரும். சரியான விடை! ஆனால் அதே விலையோடு பை ஒன்றின் காசாக 3 ரூபாயைக் கூட்டினால் "2503" வரும். பெருக்கும்போது எழுத்தை எண்ணாக்கிக்கொள்ளும் மொழி, கூட்டும்போது எண்ணை எழுத்தாக்கிக்கொள்கிறது. பிஎச்பியிலும் பெருக்கினால் 750. ரூபியில் விலை * அளவு என்று எழுதினால் பைதனைப்போல் மூன்று தரம் திருப்பி எழுதும். அளவு * விலை என்று மாற்றி எழுதினால் வகைப் பிழை என்று உடனே மறுக்கும். நான்கும் டைனமிக் மொழிகள்தான், நான்கும் நான்கு விதம். ஆகவே டைனமிக் மொழிகள் நல்லவையா கெட்டவையா என்று மொத்தமாகக் கேட்பதில் அர்த்தம் அதிகம் இல்லை. எந்த மொழி எந்த இடத்தில் மௌனமாக இருக்கும் என்பதைத்தான் அனுபவசாலி முதலில் தேடிப் படிக்க வேண்டும். ஜாவாவில் இந்த வரி கம்பைலே ஆகாது என்பதையும் நியாயத்துக்காகச் சொல்லிவிடுகிறேன்.

பிறகு ஏன் அந்தப் பக்கம் போக வேண்டும்?

இதற்குப் பதில் மொழியின் இலக்கணத்தில் இல்லை. கேள்வி கேட்டவுடன் விடை வரும் வேகத்தில் இருக்கிறது. பைதனையோ ரூபியையோ திறந்தால் ஒரு வரி காத்திருக்கும். அதில் எதையும் எழுதலாம், எழுதிய கையோடு பதில் வரும். ஓர் உதாரணம், நமக்கே உரியது. "யாழ்ப்பாணம்" என்ற சொல்லின் நீளம் என்ன என்று பைதனைக் கேளுங்கள். 11 என்று சொல்லும். கண்ணுக்குத் தெரிவது யா, ழ், ப், பா, ண, ம் என்று ஆறு எழுத்து. மீதி ஐந்து எங்கிருந்து வந்தது? அடுத்த வரியில் அந்தச் சொல்லைத் துண்டு துண்டாக உதிர்த்துப் பார்க்கலாம்: ய தனி, அரவு தனி, ழ தனி, புள்ளி தனி. யூனிகோடில் அவை தனித்தனிக் குறியீடுகள். ரூபியிடம் போனால் மூன்று விதமாகக் கேட்கலாம்: குறியீடுகள் எத்தனை என்றால் 11, பைட் எத்தனை என்றால் 33, பார்வைக்கு எழுத்து எத்தனை என்றால் 6. மூன்றுக்கும் தனித்தனிக் கட்டளை மொழியோடே வருகிறது.

இது வெறும் விளையாட்டு இல்லை. பெயர்ப் புலத்துக்குப் பத்து இடம் ஒதுக்கிய மென்பொருள், இந்தச் சொல்லைப் பத்தோடு வெட்டினால் "யாழ்ப்பாணம" என்று கடைசிப் புள்ளி விழுந்துவிடும். தமிழில் அச்சான பற்றுச்சீட்டுகளில் இந்தக் கோலத்தை எல்லாரும் கண்டிருப்போம். தமிழ் எஸ்எம்எஸ் ஒன்றில் 70 இடம்தான். அதில் ஊர்ப் பெயர் மட்டும் பதினொன்றைத் தின்றுவிடும். இதையெல்லாம் ஜாவாவிலும் அறியலாம், அங்கேயும் விடை 11தான். ஆனால் பழைய ஜாவாவில் இதைக் கேட்க ஒரு வகுப்பு எழுதி, அதற்குள் முதன்மைச் செயற்கூறு எழுதி, கம்பைல் செய்து, ஓட்டிப் பார்க்க வேண்டும். ஒரு கேள்விக்கு அவ்வளவு பாடு என்றால் மனிதன் கேள்வி கேட்பதையே குறைத்துக்கொள்வான். அனுமானித்துக்கொண்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவான். டைனமிக் மொழிக்குப் போன அனுபவசாலிகள் வேகம் கூடியது என்று சொல்லும்போது, தட்டச்சு குறைந்ததைச் சொல்கிறார்கள் என்று நினைத்துவிடக் கூடாது. கேட்கிற கேள்விகளின் எண்ணிக்கை கூடியதுதான் வேகம். இந்த வசதி புதியவரைவிட அனுபவசாலிக்கே அதிகம் பயன்படும். எதைக் கேட்க வேண்டும் என்று அவருக்குத்தானே தெரியும்?

தமிழ்க் கணிமையில் பைதன் அதிகம் புழங்குவதற்கும் இந்த இலகுதான் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். தமிழ்ச் சொற்களாலேயே செய்நிரல் எழுதக்கூடிய எழில் மொழி பைதனில்தான் எழுதப்பட்டது. தமிழ் எழுத்துகளைச் சரியாக எண்ணித் தரும் ஓப்பன் தமிழ் நிரலகமும் அப்படித்தான். அதற்கு "யாழ்ப்பாணம்" ஆறு எழுத்து.

அடுத்த விஷயம் கொஞ்சம் உறுத்தும். ஜாவா உலகத்தில் மூத்தவராக மதிக்கப்படுபவரின் அறிவில் ஒரு பெரும் பகுதி வடிவமைப்பு முறைகள், அதாவது அடிக்கடி வரும் சிக்கல்களுக்குப் பழகிப்போன தீர்வுகள். ஃபெக்டரி, ஸ்ட்ராட்டஜி, விசிட்டர், சிங்கிள்டன். 1994இல் வெளியான ஒரு நூல் இப்படி 23 முறைகளைத் தொகுத்தது. நேர்முகத் தேர்வுகளில் இன்றைக்கும் கேட்கிறார்கள். 1996இல் கணினி அறிஞர் பீட்டர் நோர்விக் அந்த 23ஐயும் எடுத்து, லிஸ்ப், டிலன் போன்ற டைனமிக் மொழிகளில் அவை என்னவாகின்றன என்று பார்த்தார். அவற்றில் 16 கண்ணுக்குத் தெரியாமலே போய்விடுகின்றன, அல்லது வெகுவாக எளிதாகின்றன என்பது அவர் கண்டது. செயற்கூறையே (ஃபங்ஷனையே) ஒரு மதிப்பாகக் கையில் கொடுக்க முடிந்தால், செய்முறையை மாற்றிமாற்றிப் பொருத்தும் ஸ்ட்ராட்டஜிக்குத் தனி வகுப்பு எதற்கு? வகுப்பும் ஒரு மதிப்புத்தான் என்றால் பொருள்களை ஆக்கித் தரும் ஃபெக்டரி எதற்கு?

ஆகவே முதல் மாதங்களில் நடப்பது இதுதான்: ஜாவாக்காரர் பைதனில் ஜாவா எழுதுவார். ஒவ்வொரு வகுப்புக்கும் ஒரு கோப்பு, ஒவ்வொரு புலத்துக்கும் அதை வாசிக்க ஒரு கெட்டர், மாற்ற ஒரு செட்டர். ஜாவாவில் கெட்டர் எழுதுவதற்கு நல்ல காரணம் உண்டு: இன்றைக்குப் புலத்தை நேரடியாகத் திறந்துவிட்டால், நாளைக்கு அதற்குள் ஒரு கணக்கைப் புகுத்த முடியாது, அதைப் பயன்படுத்திய எல்லாரையும் மாற்றச் சொல்ல வேண்டிவரும். பைதனில் நேரடிப் புலத்தைப் பிறகு எந்த நேரமும் கணக்கிடப்படும் புலமாக மாற்றலாம். பயன்படுத்துபவருக்கு வித்தியாசமே தெரியாது. காரணம் போய்விட்டது, பழக்கம் மட்டும் நிற்கிறது. உயர்தரப் பிள்ளைக்கு இந்தச் சுமை இல்லை. அதனால் சின்ன வேலைகளில் பிள்ளை முந்திவிடுவதும் உண்டு. மூத்தவருக்கு அது கசக்கத்தான் செய்யும்.

இங்கே ஒரு பழைய கதையைச் சொன்னால் அந்தக் கசப்புக் குறையலாம். ஜாவாக்காரர் பெருமையாகச் சொல்லும் அந்த ஓட்ட வேகம் எங்கிருந்து வந்தது? ஜோன் மெக்கார்த்தி 1958இல் தொடங்கிய லிஸ்ப், பிறகு சீரொக்ஸின் பார்க் ஆய்வுகூடத்தில் அலன் கேயின் குழு உருவாக்கிய ஸ்மோல்ரோக், அதன் வழியில் டேவிட் உங்கர், ராண்டல் ஸ்மித் ஆகியோர் வடிவமைத்த செல்ஃப். இவை எல்லாமே டைனமிக் மொழிகள். வகையை முன்கூட்டிச் சொல்லாத மொழியை வேகமாக ஓட்டுவது பெரும்பாடு; ஆகவே ஓடும்போதே கவனித்து, எந்த வகை அடிக்கடி வருகிறதென்று பார்த்து, அதற்கேற்ற இயந்திரக் குறியீட்டை அந்த இடத்திலேயே ஆக்கும் வித்தையை செல்ஃப் குழு கண்டுபிடித்தது. அந்த வழியில் வந்தவர்கள் நடத்திய அனிமார்பிக் என்ற சிறு நிறுவனத்தை 1997இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் வாங்கியது. 1999இல் அந்த வித்தையோடு ஜாவாவுக்கு ஹொட்ஸ்பொட் என்ற ஓட்ட எந்திரம் வந்தது. அந்தக் குழுவில் இருந்த லார்ஸ் பாக் பிறகு கூகிளில் ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் வி8 எந்திரத்தை ஆக்கினார். 2008இல் குரோமோடு அது வெளிவந்தது. டைனமிக் மொழிக்காகப் பிறந்த வித்தை ஜாவாவை வேகமாக்கிவிட்டு, சுற்றிவந்து ஜாவாஸ்கிரிப்டையும் வேகமாக்கியது. இந்த இரண்டு முகாம்களும் எதிரிகள் என்ற பேச்சு வரலாறு தெரியாத பேச்சு.

இனி இதற்குக் கொடுக்கும் விலையைப் பார்ப்போம். கம்பைலர் பார்த்த வேலையை யாராவது பார்க்கத்தான் வேண்டும். டைனமிக் மொழிக்காரர் சொல்லும் பதில்: கோட்டை ஓட்டிச் சரிபார்க்கும் சோதனை எழுதுங்கள். நல்ல பதில், பாதி உண்மையும்கூட. ஜாவாவின் கம்பைலரும் எல்லாவற்றையும் பிடிப்பதில்லை. 1965இல் கணினி அறிஞர் டோனி ஹோர் நல் (null) என்ற ஒன்றை, எதையும் காட்டாத வெறுமையை, ஆல்கோல் வழி மொழியொன்றில் சேர்த்தார்; பிற்காலத்தில் அதைத் தன் பில்லியன் டொலர்த் தவறு என்று அவரே சொன்னார். ஜாவாவில் இன்றுவரை நள்ளிரவுத் தொலைபேசி அழைப்புகளில் கணிசமானவை அந்த நல்லால்தான் வருகின்றன. ஆகவே ஜாவாக்காரரும் சோதனை எழுதித்தான் ஆக வேண்டும். ஆனால் சோதனை எழுத நேரம் கொடுக்கும் வாடிக்கையாளர் எத்தனை பேர்? அடுத்த வெள்ளிக்கிழமைக்கு வேண்டும் என்று கேட்கும் இடத்தில் முதலில் வெட்டுப்படுவது சோதனைதான். கம்பைலரை யாராலும் வெட்ட முடியாது. அதுதான் அதன் பலம்.

இதற்கு மேலே யாழ்ப்பாணத்துக்கென்று ஒரு காரணம் இருக்கிறது. மொழிகளை ஒப்பிடும் உரைகளில் இது வருவதில்லை. இங்கே ஆட்கள் போய்விடுவார்கள். நன்றாக எழுதும் பெடியன் இரண்டு வருடத்தில் கொழும்புக்கு, அங்கிருந்து மெல்பேர்னுக்கோ ரொறன்ரோவுக்கோ. பிழை சொல்ல ஏதுமில்லை, யார்தான் போகமாட்டார்கள். ஆனால் அவர் எழுதிய கோட் இங்கேயே கிடக்கும். அதில் ஒரு செயற்கூறு, பெயர் செயலாக்கு, அது வாங்கிக்கொள்வது தரவு. அந்தத் தரவு என்பது என்ன? பெயரும் மதிப்பும் சோடி சோடியாக இருக்கும் அகராதியா? அப்படியென்றால் அதற்குள் என்னென்ன சாவிகள்? பட்டியலா? வெறுமையாக வரலாமா? ஜாவாவில் அந்த முதல் வரியைப் பார்த்தாலே பாதி விளங்கிவிடும். எழுதியவர் சோம்பேறியாக இருந்தாலும் மொழி அவரை எழுத வைத்திருக்கும். பைதனில் அது அவர் தலைக்குள் இருந்தது. தலை விமானம் ஏறிவிட்டது. வாட்ஸ்அப்பில் கேட்கலாம்தான். ரொறன்ரோவுக்கும் நமக்கும் கோடையில் ஒன்பதரை மணி, குளிர்காலத்தில் பத்தரை மணி வித்தியாசம். முதல் மாதம் பதில் வரும், ஆறாம் மாதம் நீல டிக் மட்டும் வரும்.

டைனமிக் மொழி தரும் வேகத்தின் பெரும் பகுதி எழுதாமல் விடுவதால் வருகிறது. எழுதாமல் விட்டது எழுதியவரின் நினைவில் இருக்கும் வரைக்கும் அது இலாபம். ஒருவரோ இருவரோ சேர்ந்து நீண்ட காலம் வைத்திருக்கும் வேலைக்கு இதைவிடச் சிறந்த ஏற்பாடு இல்லை. ஆட்கள் மாறிக்கொண்டே இருக்கும் குழுவில் அந்த இலாபத்தை அடுத்து வருகிறவர் வட்டியோடு கட்டுவார். மொழியின் தரத்தைவிட, குழுவில் ஆட்கள் எவ்வளவு காலம் நிற்பார்கள் என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

பெரிய கம்பனிகள் இதே பாடத்தை வேறு வழியில் படித்தன. அங்கே கோட் அளவு மீறிப் பெருத்துவிட்டது. பைதனை உருவாக்கிய கைடோ வான் ரோசம் சில ஆண்டுகள் வேலை செய்த டிரொப்பொக்ஸ், நாற்பது லட்சம் வரிப் பைதனுக்கு வகைக் குறிப்புகள் போட்டு, மைபை என்ற கருவியால் சரிபார்க்கும் நிலைக்குக் கொண்டுவந்ததை 2019இல் விவரித்தது. அதற்கு வழி திறந்தது 2015இல் வந்து வகைக் குறிப்புகளுக்கு இடம் தந்த பைதன் 3.5. ஜாவாஸ்கிரிப்டுக்கு மைக்ரோசொஃப்ட் 2012இலேயே டைப்ஸ்கிரிப்டை வெளியிட்டுவிட்டது. அதை வடிவமைத்தவர் சி ஷார்ப்பை வடிவமைத்த அதே அன்டர்ஸ் ஹெய்ல்ஸ்பெர்க். 2015இல் பிஎச்பி 7 எண், எழுத்து வகைகளை ஏற்றுக்கொண்டது. 2020இல் ரூபி 3, வகை விபரக் கோப்புகளோடு வந்தது.

மறுபக்கமும் சும்மா இருக்கவில்லை. சி ஷார்ப் 2007இல் வகையை ஊகித்துக்கொள்ளும் வார் என்ற சொல்லைத் தந்தது, 2010இல் டைனமிக் என்ற சொல்லையே மொழிக்குள் கொண்டுவந்தது. ஜாவாவுக்கு 2014இல் பெயரில்லாச் செயற்கூறான லாம்டா வந்தது, 2017இல் கேட்டவுடன் பதில் சொல்லும் ஜேஷெல் வந்தது, 2018இல் வார் வந்தது. அதே ஆண்டில் ஒற்றைக் கோப்பைத் தனியே கம்பைல் செய்யாமல் நேரடியாக ஓட்டவும் வழி வந்தது. முன்னே சொன்ன "யாழ்ப்பாணம்" கேள்வியை ஜேஷெலில் ஒரே வரியில் கேட்கலாம். ஜாவா எழுதும் பலர் அதை ஒருதரம்கூடத் திறந்து பார்த்ததில்லை என்பதுதான் வேடிக்கை. நம் நாட்டிலேயே டபிள்யூஎஸ்ஓ2 நிறுவனம் உருவாக்கி 2019இல் முதல் முழுப் பதிப்பாக வெளியிட்ட பலெரினா மொழி இந்த நடுவழியில்தான் நிற்கிறது: வகை உண்டு, கம்பைலர் பார்க்கும், ஆனால் வகையின் பெயரைவிட அதன் உருவத்தைப் பார்த்துப் பொருத்தும், இணையத்தில் தரவு பரிமாறும் ஜேசன் வடிவத்தை மொழிக்குள்ளேயே வைத்திருக்கும்.

பைதனின் வகைக் குறிப்பை நம்பி ஏமாறுகிற ஜாவாக்காரர்கள் இருக்கிறார்கள். முழு எண் என்று குறிப்பு எழுதிய இடத்துக்கு "250" என்ற எழுத்தை அனுப்பினால் பைதன் அசையாது. அதே இருபத்தைந்து கோடி பில்லைப் போடும். குறிப்பு மனிதருக்கும் மைபை போன்ற கருவிக்கும்தான். அந்தக் கருவியை யாராவது ஓட்ட வேண்டும். ஓட்டினாலும், கோப்பிலிருந்தும் இணையத்திலிருந்தும் உள்ளே வரும் தரவை அது காணாது.

வேகத்தைப் பற்றி நீட்டி முழக்கத் தேவையில்லை. வெறும் எண் கணக்கைச் சுற்றிச் சுற்றிச் செய்யும் இடத்தில் பைதன் ஜாவாவைவிடப் பல பத்து மடங்கு பின்தங்கும். பெரும்பாலான வேலைகள் தரவுத்தளத்துக்காகவோ வலையமைப்புக்காகவோ காத்திருப்பவை. அங்கே அது தெரியாது. கணினியின் பல கருக்களை (கோர்) ஒரே நேரத்தில் பயன்படுத்த விடாத பூட்டு பைதனுக்கு நெடுங்காலத் தலையிடி. 2024இல் வந்த 3.13இல் அந்தப் பூட்டில்லாத பதிப்பு முதலில் பரீட்சார்த்தமாகக் கிடைத்தது. டைனமிக் மொழி பெரிய வேலைக்குச் சரிவராது என்பவர்கள் தங்கள் கையில் இருக்கும் வாட்ஸ்அப்பைப் பார்க்கலாம். அதன் சேர்வர்கள் எர்லாங்கில் ஓடுபவை, எர்லாங் டைனமிக் மொழி. 2014இல் பேஸ்புக் வாங்கும்போது 45 கோடிப் பாவனையாளர்கள், ஐம்பதுக்குச் சற்று மேற்பட்ட பணியாளர்கள். ட்விட்டரோ ரூபி ஒன் ரெயில்ஸில் தொடங்கி, பாரம் ஏறஏறப் பகுதி பகுதியாக ஸ்காலாவுக்கும் ஜாவாவுக்கும் நகர்ந்தது. இரண்டு கதையும் உண்மை. உங்களுக்குப் பிடித்ததை மட்டும் எடுத்துக்கொண்டு வாதாட வேண்டாம்.

அனுபவசாலி எந்த மொழியை எடுப்பது? வேலை வேண்டுமென்றால் பைதன், அதில் வாதமில்லை. சிந்தனை மாற வேண்டுமென்றால் பைதன் அவ்வளவு உதவாது என்பது என் கருத்து. அது ஜாவாவுக்கு மிகவும் கிட்ட இருக்கிறது, பழைய பழக்கத்தோடேயே அதில் காலம் தள்ளிவிடலாம். 2007இல் ரிச் ஹிக்கி வெளியிட்ட குளோஜர் ஜாவாவின் மெய்நிகர் இயந்திரத்திலேயே ஓடும், கைவசம் இருக்கும் ஜாவா நிரலகங்கள் அத்தனையையும் பயன்படுத்தலாம். ஆனால் தரவை இலகுவில் மாற்ற விடாது, வகுப்பு எழுதும் தேவையே பெரும்பாலும் வராது, அடைப்புக்குறிகளுக்குள் தலைகீழாக நிற்க வைக்கும். எர்லாங்கின் மேல் எழுந்த எலிக்சரும் அப்படி: பல வேலைகளை ஒரே நேரத்தில் ஓட்டுவது பற்றி ஜாவாவில் படித்ததெல்லாவற்றையும் மறுபடி யோசிக்க வைக்கும். யாழ்ப்பாணத்தில் இந்த இரண்டுக்கும் வேலை விளம்பரம் தேடினால் ஏமாற்றம்தான். அதற்காகப் படிக்காமல் விடுவது வேறு கதை. ஜாவாக்காரருக்கு டைனமிக் மொழி ஏற்கெனவே ஓரளவு பழக்கம் என்பதையும் மறக்கக் கூடாது: கட்டுமானக் கருவியான கிரேடிலின் கோப்புகளைக் குரூவி மொழியில் எழுதிவந்த எவரும் டைனமிக் மொழி எழுதியவரே.

தொடங்கும் இடம் முக்கியம். ஓடிக்கொண்டிருக்கும் பெரிய அமைப்பைப் புது மொழியில் திருப்பி எழுதும் யோசனையை முதல் நாளே தள்ளிவிடலாம். மாதக் கடைசி அறிக்கை, பிழைப் பதிவேட்டில் தேடல், பழைய தரவைப் புது அமைப்புக்கு மாற்றும் ஒருதர வேலை, இவைதான் பொருத்தம். ஒருவர் எழுதி அவரே ஓட்டும் வேலைகள். எழுதாமல் விட்டதற்கு யாரும் வட்டி கட்டப்போவதில்லை. அது குழுவின் கோட்டாக வளரும் அறிகுறி தெரிந்தவுடன், வெளியிலிருந்து தரவு நுழையும் இடங்களில் முதலில் கையை வையுங்கள்: சிஎஸ்வியிலிருந்து வந்த விலையை அந்த வாசலிலேயே எண்ணாக்கி, எண்ணாகாவிட்டால் அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். பிறகு செயற்கூறுகளின் முதல் வரிகளுக்கு வகைக் குறிப்பு. மைபையைக் கடும் நிலையில் முழுக் கோட்டுக்கும் ஒரே நாளில் போட்டால் ஆயிரக்கணக்கில் சிவப்பு வரும். இரண்டாம் நாள் யாரோ அதை அணைத்துவிடுவார்கள். புதிதாக எழுதும் கோப்புகளுக்கு மட்டும் கடும் நிலை, பழையவற்றுக்குத் தொடும்போது என்று வைத்தால் நிலைக்கும். உயர்தரத்தில் பைதன் படித்து வந்த தம்பிமார் இந்தக் கருவியைப் பெரும்பாலும் கண்டதில்லை. ஜாவா அண்ணர் அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கக்கூடிய விஷயம் அதுதான். கெட்டர், செட்டர் இல்லை.